கிடேரிக்குக் கிடைத்த இரக்கம்

போன மாதம் ஒரு காலை நேரம். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் பேசினார். இளைஞர், கெட்டிக்காரர். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கிப் பழகிவிட்டார். அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினார்.

“சேர், ஒரு அம்மா புல்லு வெட்டுற கத்தியத் தூக்கிக்கிட்டு என்னய வெரட்டிருச்சு சேர்.”

“நீங்க என்னா செஞ்சீங்க?”

“ஒண்ணுமே செய்யல சேர். அவங்க மாடு நாலு மாசத்துக்கு முந்தி ரெட்டைக் கண்ணு போட்டிருக்கு. ஒண்ணு காளை, ஒண்ணு கிடேரி. அந்தக் கிடேரி மலட்டு மாடாத்தான் வரும், தீனி போட்டு வீணாக்காம கழிச்சு விட்டுருங்கன்னு சொன்னேன். நாங்க படிச்சது அப்புடித்தானே? ஊசி சேருக்கிட்டப் போயிக் கேட்டுட்டு அப்பறமா என் பட்டிக்குள்ள கால வையின்னு கத்துது.”

ஊசி சேர் என்பது நான்தான். மாட்டைச் செயற்கை முறையில் சினைப்படுத்துவதை எங்கள் தோட்டங்களில் ‘ஊசி போடுறது’ என்பார்கள். அந்த வேலையிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“அந்த அம்மா பேரு புஷ்பராணியா?” என்று கேட்டேன்.

“ஆமா சேர். தெரியுமா உங்களுக்கு? மலட்டு மாடுன்னுதானே சொன்னேன். அதுல என்னா சேர் தப்பு?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பிள்ளை மீது கொஞ்சம், வேறு பலர் மீது நிறைய. வாயைத் திறந்தால் அவருக்குச் சேராத வசவெல்லாம் அவர் தலையில் விழும் என்று பயந்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அலுவலகத்துப் பிள்ளைகள் என்னிடம் அனுபவக் கட்டுரை கேட்டு நச்சரிப்பது இன்று நேற்றல்ல. எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொகவந்தலாவையில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை, அப்பாவுக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. படித்தேன், பரீட்சை எழுதினேன், பயிற்சிக்கு எடுத்தார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்லச் சிரிப்புத்தான் இருக்கிறது. முதல் நாள் பசுவின் பின்புறத்தில் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றபோது, இதற்காகவா அம்மா என்னைக் கொழுந்துக் கூடைக்குத் தப்ப வைத்தாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் தங்கச்சி பக்கத்தில் உட்கார மாட்டாள். பிறகு அந்தக் கைக்கே எல்லாரும் வழி பார்த்துக் காத்திருந்தார்கள்.

வேலையைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். புகை கக்கும் நைதரசன் குடுவையிலிருந்து விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, உருக விட வேண்டும். துடைத்துக் கருவியில் ஏற்ற வேண்டும். இடது கையை மாட்டின் மலவாசல் வழியாக விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் கர்ப்பப்பையின் கழுத்தைத் தேட வேண்டும். உரித்த கோழிக் கழுத்து மாதிரி நறநறவென்று விரலில் அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கருவியை உள்ளே செலுத்த வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரல்தான். மாடு கத்தினால், அதாவது காளைக்கு ஏங்கிக் கத்துகிற பருவம் வந்தால், எங்களுக்குத் தகவல் வரும். ஓடுவோம். மலையில் ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் போவது லேசான காரியமல்ல. மழையில் வழுக்கி விழுந்தும் குடுவையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எங்கள் மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஒரு பெண் வைத்தியர் வந்தார். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். சிறிய உருவம், ஆள் உயரத்துக்குப் பொருந்தாத பெரிய ரப்பர் சப்பாத்து. நாங்கள் எல்லாரும் ‘மிஸ்’ என்போம். அவர் என்னைக் கனகசபை அண்ணன் என்று தமிழில் கூப்பிடுவார். அதற்கு மேல் தமிழ் தடுக்கும், சிங்களத்துக்குப் போய்விடுவார். நான்தான் லயத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. திங்கட்கிழமை காலை எங்கள் எல்லாருடைய விரல் நகத்தையும் பார்ப்பார். மேசை மீது கையை விரிக்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. நகம் வளர்ந்திருந்தால் மாட்டின் குடல் கிழியும் என்பதற்காக. தலைநரைத்த எனக்கு முதலில் மானக்கேடாக இருந்தது. அவர் தன் கையையும் எங்களுக்கு விரித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். கை மாட்டுக்குள் இருக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். வெளியே எடுத்து, சவர்க்காரம் போட்டு முழங்கைக்கு மேல்வரை கழுவி, துடைத்து, அப்புறம்தான் வாய் திறப்பார். மற்றவர்கள் கோபம் வந்தால் குரலை உயர்த்துவார்கள். மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்க இறங்க நாங்கள் நடுங்குவோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. பரிசோதனை நடக்கும்போது சொந்தக்காரர் மாட்டின் தலைப்பக்கம் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடிக்க வேறு ஆள் இருந்தாலும் சரி, சொந்தக்காரர் நின்று, தடவி, பேச்சுக் கொடுக்க வேண்டும். மாடு நடுங்காமல் நின்றால்தான் கை வேலை செய்யும் என்பார்.

அந்தக் காலத்தில்தான் புஷ்பராணி ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் மோட்டார் சைக்கிளை மறித்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் நனைந்த படங்குச் சாக்கு.

“சேர், எங்க கிடேரி கத்தவே மாட்டேங்குது. அது வயசுக் கிடேரியெல்லாம் கண்ணு போட்டுப் பால் குடுக்குது. வந்து பாருங்க சேர், புண்ணியமாப் போகும்.”

“கத்துறப்ப கத்தும். என்னா அவசரம்?”

“திருவிழாவுக்குள்ள செனை நிக்கணும் சேர்.”

மாட்டுக்கும் திருவிழாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லயத்துக்கு நடந்து போகும்போது விஷயத்தைச் சொன்னாள்.

கலியாணமாகிப் பல வருடமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் சிவலிங்கம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மாமியார் அழகம்மா தலவாக்கலையில் தன் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள், மகனுக்கு இரண்டாம் தாரமாக. அதற்கு முன் கோயிலில் குறி கேட்டிருக்கிறார்கள். இவள் கையால் வளர்த்த பசு ஒன்று சினை பிடித்தால் இவள் வயிறும் திறக்கும், இல்லையென்றால் இல்லை என்று சாமியாடி சொல்லிவிட்டாராம். அடுத்த திருவிழாவுக்குள் நடக்காவிட்டால் இவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இது மாமியார் வைத்த தவணை. கணவன் வாய் திறக்கவில்லை.

கிடேரியை வாங்க அவளுக்கு வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கொழுந்து எடுக்கும் மலையை மேற்பார்வை செய்கிற கண்டாக்கையா பங்குக்கு ஒரு கிடேரி தருகிறேன் என்றிருக்கிறார். எங்கள் தோட்டங்களில் இந்தப் பங்கு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்தது சொந்தக்காரருக்கு. சாணம் முழுவதும் கண்டாக்கையாவின் லீக்ஸ் பாத்திக்கு. மாடு கன்று போடாவிட்டால் வளர்த்தவருக்கு ஒன்றும் கிடையாது, சொந்தக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அப்படி ஒரு பால் மறந்த கன்றைக் கொண்டுவந்து கட்டினார். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை. புஷ்பராணி அதற்குச் சுட்டி என்று பெயர் வைத்தாள். காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன் ஒரு கட்டுப் புல், கொழுந்து முடிந்து வந்து ஒரு கட்டுப் புல். மழை நாளில் தன் கம்பளியை அதன் முதுகில் போட்டுவிட்டு இவள் சாக்கைப் போர்த்திக்கொள்வாளாம்.

நான் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கழுத்து அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் தேடினேன். அகப்படுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, கயிறு மாதிரி ஏதோ மெல்லியதாக ஓடியது. வெளியே பிறப்புறுப்பின் அடியில் மயிர் வழக்கத்துக்கு மாறாக நீண்டு குஞ்சம் கட்டியிருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

“புஷ்பராணி, இது ரெட்டையில ஒண்ணா?”

“தெரியாது சேர். கண்டாக்கையா வீட்டுல பொறந்தது.”

அன்றைக்கே கண்டாக்கையாவின் குவாட்டஸுக்குப் போனேன். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“ஒத்தைக் கண்ணுதாங்க. ஏன் கேக்குறீங்க?” என்றார்.

“காளைக் கண்ணோட சேந்து பொறந்த கிடேரி செனை நிக்காது. அதான்.”

“அப்புடி ஒண்ணும் இல்ல. அவ ஒழுங்காத் தீனி போட்டிருக்க மாட்டா. அவ கைராசி தெரிஞ்சுதானே எல்லாரும் பேசுறாங்க. நீங்க ஊசியப் போட்டுட்டுப் போங்க.”

எதில் போடுவது? அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபோதே பொய் என்று பட்டது. ஆனால் அவர் சொல்லையும் என் விரலையும் வைத்துக்கொண்டு அவளிடம் போய்த் தீர்ப்புச் சொல்ல முடியாது. மிஸ்ஸிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சொந்தக்காரரை நிற்கச் சொல்லுங்கள்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்குள் லயத்தில் பேச்சு பெரிதாகிவிட்டது. ஊசி சேரே கையை விரித்துவிட்டார், அவள் கைபட்டால் மாடும் அப்படித்தான் போகும் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். அதே வரிசையில் சினை மாடு வைத்திருந்த ஒருத்தி, இனிமேல் என் மாட்டுக்குப் புல் போட வராதே என்று இவள் முகத்துக்கு நேரே சொன்னாளாம். இதையெல்லாம் சொன்னவர்கள் யார்? இவளோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள், இவள் கூடையைத் தூக்கிவிடுகிறவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிஸ் வந்த நாளில் பட்டியைச் சுற்றி நல்ல கூட்டம். கண்டாக்கையா மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவும் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றது. அழகம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“சொந்தக்காரர் தலைப்பக்கம் வாங்க” என்று மிஸ் தமிழில் சொன்னார்.

கண்டாக்கையா போனார். சுட்டி கண்ணை உருட்டி, தலையை உதறி, அவர் வேட்டியில் மூக்குச் சளியை அடித்தது. சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் புஷ்பராணியைப் பார்த்து, “நீங்க வாங்க” என்றார். அவள் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் மாடு அசையாமல் நின்றது.

மிஸ் ஒரு மழுங்கிய கண்ணாடிக் குழாயை எடுத்து, எண்ணெய் தடவி, பிறப்புறுப்பின் வழியாக மெதுவாக விட்டார். நல்ல கிடேரிக்கு அது தாராளமாக உள்ளே போகும். இதற்கு விரல் நீளம் போய் முட்டி நின்றது. அப்புறம் கையை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் கழுவினார், மறுபடியும் கழுவினார், துடைத்தார்.

“கண்டாக்கு ஐயா, இதோடு சேர்ந்து பிறந்த காளைக்கன்று எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டது காற்றில் போகிற அளவுக்கு மெல்லிய குரலில். நான் தமிழில் உரக்கச் சொன்னேன்.

“அப்புடி ஒண்ணுமே பொறக்கல மிஸ். ஒத்தைக் கண்ணு. சாமி சத்தியமா.”

சாமி பெயரை இழுத்ததுதான் அவருக்கு வினையாகப் போனது. அவருடைய மனைவி மூக்கிலிருந்து சேலையை எடுத்தது.

“ஏங்க, சாமி காரியத்துல பொய் சொல்லாதீங்க! ரெட்டைக் கண்ணு பொறந்திருச்சு, வீட்டுக்கு ஆகாதுன்னுதானே காளைக் கண்ண மால போட்டு, மேளத்தோட கொண்டு போயி கீழ்ப்பிரிவுக் கோயிலுக்கு விட்டோம்? நெத்தியில இதே கோணல் வெள்ளையோட அது இன்னமும் நிக்குதே! நேந்து விட்டத இல்லன்னு சொன்னா நம்ம புள்ளைங்களுக்கு ஆகுமா?”

கோயிலுக்குக் கொடுத்த பெருமை வீணாகப் போகிறதே என்று அந்த அம்மாவுக்குப் பதைப்பு. கணவனைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அதற்குத் தோன்றவே இல்லை. கண்டாக்கையா செருமினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இல்லை.

அவருக்குத் தெரியும். இரட்டைக் கிடேரி கன்று போடாது என்று மாடு வைத்திருக்கிற எவருக்கும் காதில் விழுந்திருக்கும். தெரிந்துதான் இவளிடம் கட்டினார். ஓசியில் ஒருத்தி புல் வெட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பாள், சாணம் லீக்ஸ் பாத்திக்கு வரும், கன்று போடவில்லை என்று பழியையும் அவளே சுமப்பாள், பிறகு பிடித்துக்கொண்டு போய் இறைச்சிக்கு விற்கலாம். இதற்குப் பொருத்தமான ஆள் யார்? ஏற்கெனவே பழி சுமக்கிற ஒருத்தி. அந்த ஆள் பிற்பாடு பதவி உயர்ந்துதான் போனார்.

மிஸ் எல்லாரையும் கிட்ட வரச் சொன்னார். பட்டிச் சுவரில் கரித்துண்டால் வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு கன்று வரைந்தார். ஒன்று ஆடு மாதிரி வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

“தாய் வயித்துல கிடேரிக் கரு உருவாகுறப்பவே, பிற்காலத்துல முட்டையாகப் போற கலங்களுக்கு மூலமா சின்னச் சின்னக் கலங்க உண்டாகுது. முட்டைக்கும் முந்தினது. அதுக்குப் பேரு ஊகோனியா. அது வயித்துக்குள்ளயே பெருகி, முட்டைக் கலமா மாறி நின்னுரும். பொறந்த பெறகு புதுசா ஒண்ணு கூட வராது. அங்க என்னா இருந்துச்சோ அதுதான் வாழ்நாள் பூராவும். கூடவே காளைக்கரு இருந்தா ரெண்டுக்கும் ரத்தக்குழாய் ஒட்டிக்கிரும். காளையோட ரத்தத்துல வர்ற சுரப்பு இதுக்குள்ள பாயும். அந்த ஊகோனியாவெல்லாம் அழிஞ்சு போயிரும், கர்ப்பப்பையும் வளராது. இந்தக் கிடேரி வெளிச்சத்தப் பாக்கிறதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிருச்சு. புல்லாலயும் இல்ல, கையாலயும் இல்ல, ராசியாலயும் இல்ல.”

ஊகோனியா என்ற சொல்லை நான் பயிற்சியில் ஒரு தடவை கேட்டு மறந்தவன். அன்றைக்குப் பிறகு மறக்கவில்லை. பீலிக்கரையில் வாய் கிழியப் பேசிய பெண்கள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள்.

புஷ்பராணி மாட்டின் கழுத்தை விடாமல் கேட்டாள். “மிஸ், மனுசருக்கும் அப்புடியா?”

மிஸ் அவளைப் பார்த்து நேராகப் பதில் சொன்னார். மனிதரில் இரட்டைப் பிள்ளைகளுக்கு இப்படி நடப்பதில்லை. ஆனால் பெண்ணின் முட்டைக்கு மூலமானது அவளுடைய தாயின் வயிற்றிலேயே உண்டாகி முடிந்துவிடுகிறது, அதில் அவளுடைய குற்றம் என்று எதுவும் இருக்க முடியாது. “உங்களுக்குக் குறை இருக்கா இல்லையா, பார்க்காம யாரும் சொல்ல ஏலாது. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று முடித்தார்.

அப்போதுதான் அது நடந்தது. அழகம்மா கல்லிலிருந்து எழுந்து வந்தாள். வெற்றிலையைத் துப்பினாள். சுட்டியின் நெற்றியைத் தடவினாள், கண் கலங்கிவிட்டது.

“ஐயோ பாவம், வாயில்லா சீவன். ஆத்தா வயித்துலயே நடந்ததுக்கு இது என்னாடி பண்ணும்? இதப் போயிக் கொற சொன்னமே.”

நாலைந்து பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சினை மாட்டுக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒருத்தி ஓடிப் போய் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டு கொண்டுவந்து மாட்டின் வாயில் வைத்தாள். புஷ்பராணி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

“அத்த, இந்த வார்த்தைய என்னயப் பாத்து ஒரு வாட்டி சொல்லுங்க.”

அழகம்மாவின் கை மாட்டின் நெற்றியிலேயே நின்றது. வாய் திறக்கவில்லை. அவள் மட்டுமா? அத்தனை பேரில் ஒருவர் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மிஸ் குழாயைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் கண்டாக்கையா ஆள் அனுப்பினார், மாட்டை அவிழ்த்து வர. புஷ்பராணி பட்டி வாசலில் கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மாட்டுக்குப் பதிலாக ஒற்றையாய்ப் பிறந்த கிடேரிக் கன்று ஒன்று, பங்குக்கு அல்ல, சொந்தமாக, என் பட்டியில் கட்டினால்தான் இது வெளியே போகும் என்றாள். பெரட்டில் விஷயம் நாறியது. நாள் கூலிக்கு முழுப்பேர் போட மாட்டேன், அரைநாளுக்கு அரைப்பேர்தான் என்று கண்டாக்கையா மிரட்டிப் பார்த்தார். ஆனால் கோயில் மாடு கீழ்ப்பிரிவில் சாட்சிக்கு நின்றதே, என்ன செய்வார்? ஒரு கன்றைக் கொண்டுவந்து கட்டினார். அவளே சுட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் குவாட்டஸ் வாசல்வரை நடந்து போய்க் கயிற்றைக் கொடுத்தாள். அந்த வாரமே லொறி வந்து ஏற்றிப் போனது. ஐயோ பாவம் என்றவர்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று ஒரு குரல் எழும்பவில்லை.

சிவலிங்கம் கொழும்பிலிருந்து வந்தபோது நானாகப் போய்ப் பேசினேன். எனக்கு அது தேவையில்லாத வேலை, தெரியும்.

“தம்பி, மிஸ் சொன்ன மாதிரி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க.”

“அவள வேணும்னா கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றேன். எனக்கு என்னா கொறச்சல்?”

“பாக்காம எப்புடித் தெரியும்?”

“சேர், நீங்க மாட்டோட நிறுத்திக்கிறது நல்லது.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். “மாட்டப் பத்தியே பேசுவோம்டா! ஒரு பட்டியில மாடு செனை நிக்கலன்னா நாங்க மொதல்ல காளைய சோதிக்கிறோம். விந்த எடுத்து, பெருக்குற கண்ணாடியில வச்சு, உசிரு இருக்கா, ஓடுதான்னு பாத்துத்தான் குச்சியில அடைக்கிறோம். பெரிய பெரிய காளையெல்லாம் அதுக்கு வெக்கப்படாம நிக்குது. ஒனக்கு மட்டும் என்னாடா மானம்?” என்று கத்திவிட்டேன். லயம் முழுவதும் கேட்டது. அவன் என் சட்டையைப் பிடித்தான். ஆட்கள் விலக்கிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகத்தன் குடும்ப விஷயத்தில் தலையிட்டான் என்று என் மேல் முறைப்பாடு போனது. மிஸ் என்னை மேசைக்கு முன் நிறுத்தி, வேலை நேரத்தில் சண்டை போடக் கூடாது என்று கண்டித்தார். பிறகு, “சொன்னதில் பிழையில்லை” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகத்தைக் காட்டச் சொன்னார்.

புஷ்பராணி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். இவளில் குறையாக ஒன்றும் தென்படவில்லை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்றார்களாம். கணவர் போகவில்லை. திருவிழா வந்தது. தலவாக்கலைப் பெண்ணும் வந்தாள். சாமியாடி சொன்ன குறியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. சுட்டி எதனால் சினை பிடிக்கவில்லை என்று சுவரில் படம் போட்டுக் காட்டிய பிறகும், பிடிக்கவில்லைதானே என்று முடித்துவிட்டார்கள். மாட்டுக்கு அன்று மாலையே இரக்கம் கிடைத்தது. அவளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது பிள்ளை உண்டா இல்லையா என்று நான் விசாரித்ததில்லை, விசாரிக்கவும் மாட்டேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவளுக்குச் செய்தது செய்ததுதான்.

கண்டாக்கையா கொடுத்த கன்றைப் பிடித்துக்கொண்டு அவள் அக்கரப்பத்தனைப் பக்கம் அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குப் போனாள். அங்கே கொழுந்து வேலைக்குப் பேர் பதிந்தாள். நான் ஓய்வுபெறும் வரை அந்தக் கன்றுக்கும் அதன் கன்றுக்கும் ஊசி போட்டது நான்தான். இப்போது அவள் பட்டியில் பால் கறக்கிற மாடுகள் நிற்கின்றன. பால் சேகரிக்கிற லொறி அவளுக்காக நின்று போகிறது. அந்தப் பரம்பரையில் ஒன்றுதான் இந்தத் தடவை இரட்டை போட்டிருக்கிறது.

தம்பி, நீங்கள் படித்தது சரி. கண்ணாடிக் குழாயும் முட்டித்தான் நிற்கும். ஆனால் அந்தச் சொல்லை அவள் பட்டி வாசலில் நின்று சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை வாயிலிருந்து அதை அவள் கேட்டிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியாது. இனித் தெரியும்.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, போன வாரம், அந்த இளைஞரையும் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அவர் குளம்பு வாய் நோய்த் தடுப்பு மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அரை மனதோடு வந்தார்; எழுதிய வரைக்கும் அவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். புஷ்பராணிக்குத் தலையில் நரை விழுந்திருக்கிறது, கையில் புல் வெட்டுகிற கத்தி. அவரைக் கண்டதும் முகம் இறுகியது, என்னைக் கண்டதும் கொஞ்சம் தளர்ந்தது. இரட்டைக் கிடேரி மற்றக் கன்றுகளோடு சேர்ந்து தவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, அன்னைக்குச் சொன்னது பிழைதான், மனசுல வச்சுக்கிறாதீங்க. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். இத எம்புட்டு நாளைக்கு வச்சிருக்கப் போறீங்க?”

“சுட்டியக் கைவிட்டுட்டேன் தம்பி. கயித்த நானேதான் அந்தாள் கையில குடுத்தேன். அப்ப எனக்கு வேற வழியில்ல. இப்ப இது என் புல்லு, என் பட்டி. என்னய அனுப்பத்தான் திருவிழாவுக்குள்ளன்னு தவணை வச்சாங்க. இதுக்கு நான் தவணை வைக்கல.”

அவர் பெட்டியைத் திறந்து மருந்தை ஏற்றிக்கொண்டு, பால் மாடுகளைத் தாண்டி, முதலில் அந்தக் கிடேரியிடம்தான் போனார். அது மிரண்டு பின்வாங்கியது. “அக்கா, தலைப்பக்கம் வாங்க” என்று கூப்பிட்டார். புஷ்பராணி கத்தியைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் நின்றாள்.